எஸ்.பி.எம். தேர்வின் அமைப்பை அறிந்துகொள்வோம்

ஐந்தாம் படிவத்தில் பயிலும் பிள்ளையுள்ள தோட்டத்து வீட்டிற்குச் சென்று, "தேர்வு எப்போது?" என்று வினவினால், மாதத்தின் பெயர் தடையின்றி வரும். "தேர்வு எப்படி அமைந்திருக்கும்?" என்று வினவினால், "அதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும்" என்னும் மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். பாடத்தைப் பிள்ளை அறிந்திருக்கலாம். ஆயினும், அத்தேர்வு எத்தனை பகுதிகளைக் கொண்டது, எப்பகுதி முன்னதாக வருகிறது, எப்பாடத்தில் தவறினால் சான்றிதழே கிட்டாமற்போகும் என்பவற்றை வீட்டுப் பெரியோரும் அறிந்திருத்தல் வேண்டும். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டச் சென்ற பின்னர், காய்ச்சலில் படுத்திருக்கும் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை ஒரு நாள் வீட்டில் நிறுத்துவதும், நிறுத்தாமல் பள்ளிக்கு அனுப்புவதும் பெற்றோர் எடுக்கும் முடிவுகளே அல்லவா? அந்த ஒரு நாள் எந்த நாள் என்பதை அறியாமல் எடுக்கும் முடிவு, பதினோராண்டுக் கல்வியின் பயனைக் குறைத்துவிடக்கூடும்.

முன்னாளில் நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்கு வந்து சேருமுன் இரண்டு பொதுத் தேர்வுகளைக் கண்டிருந்தனர். ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ஆம் ஆண்டு தொட்டு நடந்து வந்தது. மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. என்றும், எஸ்.ஆர்.பி. என்றும், 1993 முதல் பி.எம்.ஆர். என்றும், 2014 முதல் பிடி3 என்றும் பெயர் மாறி மாறி ஒரு தேர்வு இருந்தது. கோவிட் பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் இவ்விரண்டு தேர்வுகளும் நடைபெறவில்லை. பின்னர் யூ.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டிலும், பிடி3 2022ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. இதனால், 2025ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வுக்கு அமர்ந்த மாணவர்களே, இவ்விரு தேர்வுகளையும் காணாமல் நேரே எஸ்.பி.எம். மண்டபத்திற்குள் நுழைந்த முதல் தொகுதியினர் ஆயினர். அவர்களுக்கு அடுத்து வருவோரின் நிலையும் இதுவே.

இதனை நாம் குறையாகக் கூறவில்லை. சிறு வயதிலேயே பிள்ளைகளை மதிப்பெண்ணுக்காக விரட்டிய காலம் போனது நன்றே. ஆனால், தனி மேசை, தேர்வு எண், பேசாத கண்காணிப்பாளர், சுவரில் ஓடும் கடிகாரம் ஆகியவற்றை நாடு தழுவிய தேர்வொன்றில் அப்பிள்ளை முதன்முறையாகப் பதினேழாம் வயதில்தான் காண்கிறது. பள்ளியில் நடைபெறும் முன்னோட்டத் தேர்வை, "அது சும்மா பயிற்சிதானே" என்று சில வீடுகளில் பொருட்படுத்துவதில்லை. முன்பு அவ்வாறு எண்ணியதில் பெருந்தீங்கு இல்லை. இப்போதோ, மெய்யான தேர்வின் சாயலைப் பிள்ளை காண்பது அதில் மட்டுமே.

எஸ்.பி.எம். தேர்வைக் கல்வி அமைச்சின் கீழுள்ள மலேசியத் தேர்வு வாரியம் நடத்துகின்றது. கோலாலம்பூரில் பெரிய பள்ளியில் பயிலும் மாணவனுக்கு வரும் அதே வினாத்தாளே, செம்மண் சாலையில் பேருந்தேறிப் பட்டணத்துப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைக்கும் வருகின்றது. விடைத்தாளில் தோட்டத்தின் பெயரோ தந்தையின் தொழிலோ எழுதப்படுவதில்லை.

இனி, பாடங்களைப் பார்ப்போம். மலாய் மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, அறிவியல், நன்னெறிக் கல்வி ஆகிய ஆறும் கட்டாயப் பாடங்கள். முஸ்லிம் மாணவர்கள் நன்னெறிக்கு ஈடாக இஸ்லாமியக் கல்வி பயில்வர். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றை எடுப்போர் பொது அறிவியலுக்கு மாற்றாக அவற்றை எழுதுவர். இவற்றோடு, கணக்கியல், வாணிகம், பொருளியல், ஓவியம் போன்றவற்றுள் பள்ளியும் மாணவரும் தேர்ந்துகொள்ளும் பாடங்கள் சேரும். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் இவ்விருப்பப் பாடங்களைச் சேர்ந்தவை.

இப்பாடங்களுள் இரண்டினைப் பெற்றோர் தனியே நினைவில் இருத்த வேண்டும். ஒன்று மலாய் மொழி, மற்றொன்று வரலாறு. மலாய் மொழியில் தேர்ச்சி பெறாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்னும் விதி நெடுங்காலமாக உள்ளது. 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றுக்கும் அதே விதி வந்துவிட்டது. ஏனைய பாடங்கள் அனைத்திலும் ஏ பெற்ற ஒரு மாணவி வரலாற்றில் தவறினாள் எனக் கொள்வோம். அவள் கையில் முடிவுத்தாள் இருக்கும், சான்றிதழ் இராது. "பெரிய பாடம் கணக்கும் சைன்சும்தான், சரித்திரம் கதைப்பாடம், கடைசி வாரத்தில் படித்துக்கொள்ளலாம்" என்று பிள்ளை கூறுமாயின், அதனை ஏற்றுக்கொள்ளுதல் கூடாது.

தேர்ச்சிநிலைகள் பற்றியும் ஒரு தெளிவு தேவை. நம்மில் மூத்தோர் ஒன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு, மூன்றாம் கிரேடு என்று முழுத் தேர்வுக்கும் ஒரே தரம் சொல்லிப் பழகியவர்கள். இன்று அம்முறை இல்லை. ஒவ்வொரு பாடத்திற்கும் தனித்தனியே நிலை உண்டு. 2009ஆம் ஆண்டு முதல் அந்நிலைகள் ஏ+, ஏ, ஏ-, பி+, பி, சி+, சி, டி, இ, ஜி என்று பத்தாக வகுக்கப்பட்டுள்ளன. ஜி என்பது தோல்வி. டி, இ ஆகிய இரண்டும் தேர்ச்சி. சி முதல் மேலே உள்ளவை, பேச்சில் 'கிரெடிட்' என வழங்கும் நன்மதிப்புத் தேர்ச்சி. சான்றிதழில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் அச்சிடப்படுவதில்லை, நிலைதான் அச்சிடப்படும்.

டி நிலைக்கும் சி நிலைக்கும் இடையே உள்ள ஓரடிதான் பல குடும்பங்களின் வழியை மாற்றிவிடுகின்றது. மலாய் மொழியில் இ பெற்றவர் சான்றிதழுக்கு உரியவரே. ஆனால், ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் ஆகியவற்றில் சேர விரும்புவோரிடம் மலாய் மொழியில் நன்மதிப்புத் தேர்ச்சி கேட்கப்படுகின்றது. ஆகவே, "பாஸாகிவிட்டான்" என்று மகிழ்வதற்கு முன் எந்த நிலையில் தேறினான் என்று கேட்டறிதல் நலம். பிள்ளை செல்ல எண்ணும் துறைக்கு எப்பாடத்தில் எந்நிலை வேண்டும் என்பதை நான்காம் படிவத்திலேயே பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முடிவு வந்த பின் கேட்பதால் பயன் சிறிது.

அடுத்து, ஒரு பாடம் என்பது ஒரு தாள் அன்று. ஆங்கிலப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த புதிய அமைப்பின்படி, அதில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள் உள்ளன. வாசிப்புத் தாளில் 40 வினாக்கள். காலம் ஒன்றரை மணி நேரம். எழுத்துத் தாளிலும் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பணிகள்: ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு சிறு மடல், 125 முதல் 150 சொற்களில் குறிப்புகளைத் துணைக்கொண்ட கட்டுரை, பின்னர்க் கொடுக்கப்பட்ட மூன்று தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து 200 முதல் 250 சொற்களில் ஒரு நீண்ட கட்டுரை. இம்மூன்றுக்கும் தலா 20 மதிப்பெண். சிறு மடலுக்கும் நீண்ட கட்டுரைக்கும் மதிப்பெண் சமம் என்பதைப் பல பிள்ளைகள் கவனிப்பதில்லை. 80 சொற்களில் முடிய வேண்டியதை முக்கால் மணி நேரம் எழுதுவோர் உண்டு. சிறியதுதானே என்று இரண்டு வரியில் கிறுக்கிவிட்டுச் செல்வோரும் உண்டு. இரு சாராரும் இழப்பது ஒன்றே.

கேட்டல் தாளில் ஒலிப்பதிவைக் கேட்டு 30 வினாக்களுக்கு விடை தர வேண்டும். ஒவ்வொரு பதிவும் இரு முறை ஒலிக்கும். பேச்சுத் தேர்வுக்கு மாணவர்கள் இருவர் இருவராக அழைக்கப்படுவர். முதலில் தம்மைப் பற்றிய எளிய கேள்விகள், பின் ஒரு பொருள் குறித்துத் தனியே பேசுதல், இறுதியில் இருவரும் தமக்குள் கலந்துரையாடுதல் என்று அது நடைபெறும். மலாய் மொழியிலும் இவ்வாறே எழுத்துத் தாள்களோடு பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் உள்ளன.

நாம் இக்கட்டுரையில் அழுத்திக் கூற விரும்புவது இவ்விடத்தில்தான் உள்ளது. பேச்சுத் தேர்வு, எழுத்துத் தாள்கள் தொடங்கும் நாளுக்கு முன்னதாகவே நடந்து முடிந்துவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் பயில்வோர்க்கு ஆய்வுக்கூடத்தில் நடைபெறும் செய்முறைத் தேர்வும் அவ்வாறே. ஓவியக் கல்வி போன்ற சில பாடங்களில் மாதக்கணக்கில் செய்து ஒப்படைக்க வேண்டிய வேலையும் உண்டு. "தேர்வு இன்னும் தொடங்கவில்லையே" என்று வீட்டார் எண்ணியிருக்கும் வேளையில், தேர்வின் ஒரு பகுதி முடிந்துபோயிருக்கும். உறவினர் திருமணத்திற்கென்று நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பும் பிள்ளை, திருமண வீட்டில் இருந்தபோதே மதிப்பெண்ணில் ஒரு பங்கை இழந்திருக்கக்கூடும். எனவே, எழுத்துத் தாள்களின் கால அட்டவணையை மட்டும் கேட்டு நிற்காமல், பேச்சு, கேட்டல், செய்முறை ஆகியவற்றின் நாள்களையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்து மாட்டிவிட வேண்டும்.

தேர்வு மாதத்தை வழக்கத்தால் நினைவில் வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் தீபாவளியை ஒட்டிய மாதங்களே எஸ்.பி.எம். காலம் என்றிருந்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டுத் தேர்வு 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அதன் பின்னும் சில ஆண்டுகள் மாதங்கள் முன்பின்னாக மாறின. அண்டை வீட்டுப் பிள்ளை எழுதிய மாதத்தைக் கொண்டு கணக்கிடாமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே பின்பற்றுதல் வேண்டும்.

கணிதப் பாடத்தில் இரண்டு தாள்கள். முதல் தாளில் 40 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். காலம் ஒன்றரை மணி நேரம். அதாவது, ஒரு வினாவிற்கு இரண்டே கால் நிமிடம். இக்கணக்கு நம் தொழிலாளர்க்குப் புதிதன்று. வெயில் ஏறுவதற்குள் தம் நிரையில் உள்ள மரங்களை எல்லாம் வெட்டி முடிக்க வேண்டியவர், ஒரே மரத்தின் அடியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்பதில்லை. எத்தனை மரம், எவ்வளவு நேரம் என்பது அவருடைய கைக்குத் தெரியும். கடினமான வினாவில் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்று, இறுதியில் திரும்பி வரும் பழக்கத்தைப் பிள்ளைக்கு எடுத்துக்கூற நம்மவர்க்குத் தகுதி உண்டு.

தவறான விடைக்கு எஸ்.பி.எம். தேர்வில் மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. ஆகவே, தெரியாத வினாவையும் வெற்றிடமாக விடுதல் கூடாது. பொருந்தாத விடைகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். வட்டத்தை நிரப்புவதற்கு 2பி பென்சில் பயன்படுத்துவதும், வினா எண்ணும் விடை எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பத்து வினாவிற்கு ஒரு முறை சரிபார்ப்பதும் நல்ல பழக்கங்கள். ஒரு வினாவைத் தாண்டிச் சென்றவர் விடைத்தாளிலும் ஒரு வரியைத் தாண்ட மறந்தால், அதன் பின் வரும் விடைகள் அனைத்தும் இடம் மாறிவிடும்.

இரண்டாம் கணிதத் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். அதில் முதற்பகுதிக்கு 40, இரண்டாம் பகுதிக்கு 45, மூன்றாம் பகுதிக்கு 15. முதலிரு பகுதிகளில் எல்லா வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும். மூன்றாவதில் இரண்டனுள் ஒன்று. இத்தாளில் இறுதி விடைக்கு மட்டுமன்றிச் செய்முறைப் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. விடை பிழையானாலும், வழி சரியாக இருந்தால் ஒரு பங்கு கிடைக்கும். மனக்கணக்காகவே செய்துவிட்டு விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளை ஓரிடத்தில் சறுக்கினால், அவ்வினாவில் ஒன்றும் கிட்டாது. கணித, அறிவியல் வினாத்தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருப்பதால், ஒரு மொழியில் விளங்காத சொல்லை மறுமொழியில் பார்த்துக்கொள்ளலாம்.

மலாய் மொழியின் முதல் தாள் கட்டுரைக்குரியது. அதில் கொடுக்கப்பட்ட படம் அல்லது குறிப்பைக் கொண்டு எழுதும் முதற்பகுதிக்கு 30 மதிப்பெண்; தலைப்பைத் தேர்ந்து எழுதும் இரண்டாம் பகுதிக்கு 70. இவ்விகிதத்தை அறியாத மாணவர் முதற்பகுதியிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டு, பெரிய கட்டுரையை அரைகுறையாக விட்டுவிடுவது ஆசிரியர்கள் அடிக்கடி கூறும் குறை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தோழர்களுடன் பேச்சு மலாயும் பேசுகின்றனர். கடைத்தெரு மலாய் வேறு, கட்டுரை மலாய் வேறு. தேர்வில் மதிப்புப் பெறுவது பின்னதே. இதற்கு மலாய் நாளிதழை நாள்தோறும் ஒரு பக்கமேனும் உரக்கப் படிப்பதைவிடச் செலவு குறைந்த வழி வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வரலாற்றில் முதல் தாள் 40 வினாக்களைக் கொண்டது. காலம் ஒரு மணி நேரம். எனவே, வினாவிற்கு ஒன்றரை நிமிடந்தான். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம் எழுத வேண்டியது. நான்காம், ஐந்தாம் படிவப் பாடநூல்களே இதற்கு அடிப்படை. "எந்த ஆண்டு?", "யார்?" என்று கேட்பதோடு இத்தாள் நின்றுவிடுவதில்லை. ஏன் நிகழ்ந்தது, நிகழாதிருந்தால் என்னவாகியிருக்கும், அதிலிருந்து நாட்டுக்கு என்ன பாடம் என்று சிந்தித்து எழுதும் உயர்நிலைச் சிந்தனை வினாக்களும் வரும். மனப்பாடம் ஒன்றையே நம்பியவர் இங்குத் திகைப்பர்.

ஆயினும், இப்பாடத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நான்காம் படிவப் பாடநூலில் ஜப்பானியர் ஆட்சி, 1948இல் அமைந்த மலாயாக் கூட்டரசு, அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல், 1957ஆம் ஆண்டின் விடுதலை ஆகியன இடம்பெறுகின்றன. இவையெல்லாம் நம் தோட்டங்களின் ஊடே நடந்து சென்ற வரலாறு. சயாம்-பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சென்றதைத் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்ட முதியோர் இன்னும் சில லயங்களில் இருக்கின்றனர். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் வாழ்ந்ததைத் தாமே கண்டோரும் உள்ளனர். அவர்கள் சொல்வதை அப்படியே விடைத்தாளில் எழுத முடியாது. அதற்குப் பாடநூல்தான் வேண்டும். ஆனால், தாத்தாவிடம் அக்கதையைக் கேட்ட பிள்ளைக்கு, பாடநூலின் அப்பக்கம் மறப்பதில்லை.

தமிழ்மொழிப் பாடத்தைக் குறித்துச் சில சொற்கள். இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையெனப் பலர் அதனை விட்டுவிடுகின்றனர். ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்யக் கல்விச் சட்டத்திலேயே இடமுண்டு. தனித்தனியே வருந்துவதை விடுத்து, ஒரே பேருந்தில் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருங்கே கையெழுத்திட்டு முதல்வரிடம் கொடுத்தல் வேண்டும். அதனை ஐந்தாம் படிவத்தில் அன்று, முதற்படிவத்திலேயே செய்துவிட வேண்டும்.

இனி, தாள்களைப் பற்றிய செய்தியினின்று ஆவணங்களைப் பற்றிய செய்திக்கு வருவோம். தேர்வுக்குப் பதிந்த பின்னர், மாணவரின் பெயர், அடையாள அட்டை எண், எடுக்கும் பாடங்கள் ஆகியவற்றைக் காட்டும் பதிவுத்தாள் ஒன்று சரிபார்ப்பதற்காகக் கொடுக்கப்படும். இதனைப் பிள்ளை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவதே வழக்கமாக உள்ளது. பெற்றோரும் அமர்ந்து, எழுத்துக்கு எழுத்து மைகார்டுடன் ஒப்பிட வேண்டும். நம் பெயர்கள் ஒரே வீட்டில்கூட மூன்று விதமாக எழுதப்படுவதை யாவரும் அறிவோம். பிறப்புப் பத்திரத்தில் ஒன்றும் சான்றிதழில் மற்றொன்றுமாகப் பெயர் அமைந்துவிட்டால், வேலைக்கும் மேற்கல்விக்கும் விண்ணப்பிக்கும்போது அலைச்சல் மிகும். தமிழ் அல்லது இலக்கியம் எடுப்பவர், அப்பாடம் பட்டியலில் சேர்ந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வயது நிரம்பியும் மைகார்டு எடுக்காத பிள்ளைகள் சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். பிறப்புப் பதிவில் சிக்கல் உள்ள குடும்பங்கள், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஐந்தாம் படிவம் வரை காத்திராமல், தேசியப் பதிவு இலாகாவை நாடுவதோடு பள்ளி முதல்வரிடமும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். கூச்சத்தால் கழியும் ஆண்டுகள் பிள்ளையின் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

தேர்வு நாளில் மைகார்டும் பதிவுத்தாளும் உடன் இருத்தல் வேண்டும். இவற்றை முதல் நாள் மாலையே ஒரு தெளிவான உறையில் இட்டு வைத்தல் நலம். காலைத் தாளுக்குச் செல்லும் பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தில் தாயும் தந்தையும் நிரையில் இருப்பர். தேடித் தர வீட்டில் ஆள் இராது. பேருந்து வாராமற்போனால் யாருடைய வண்டியில் அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தேர்வு நடைபெறும் வாரங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரே வண்டியில் செல்ல ஏற்பாடு செய்துகொண்டால் செலவும் குறையும், கவலையும் குறையும்.

தவறிவிட்ட பிள்ளைக்கும் வழி உண்டு. மலாய் மொழி, வரலாறு, கணிதம் ஆகியவற்றை மட்டும் மீண்டும் எழுத எஸ்.பி.எம். மறுதேர்வு ஒன்று தனியே நடத்தப்படுகின்றது. மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தவறியதால் சான்றிதழை இழந்தவர், அதனை எழுதித் தேறிச் சான்றிதழ் பெறலாம். வேலைக்குச் சென்றுவிட்ட இளைஞரும் தனியார் மாணவராகப் பதிந்து எஸ்.பி.எம். எழுத முடியும். ஆனால், இவர்களுக்குப் பள்ளி நினைவூட்டாது. பதிவுக்குரிய நாள்களைத் தாமே கேட்டறிந்துகொள்ள வேண்டும். மாநிலக் கல்வி இலாகாவின் தேர்வுப் பிரிவில் அவ்விவரம் கிடைக்கும். செல்லும்போது பழைய முடிவுத்தாளையும் மைகார்டையும் கையோடு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.